உடங்காட்டுக் கழுகின் வழக்கு

மழை மறந்துபோன ஒரு சீமையை முன்னொரு காலத்தில் கோடைவர்மன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் யார் குடியையாவது கெடுக்காமல் இறங்காது.

ஒருநாள் வேட்டையில் ராஜாவின் வல்லூறு ஒரு கௌதாரியைப் பிடித்தது. எங்கிருந்தோ பாய்ந்த பழுப்புக் கழுகு ஒன்று வல்லூறை மிரட்டி, கௌதாரியைத் தட்டிப் பறித்துக்கொண்டு, உடைமுள் மரங்கள் அடர்ந்த உடங்காட்டில் ஒரு மரத்து உச்சிக்குப் போய்விட்டது. அங்கே முள்சுள்ளிக் கூட்டில் அதன் குஞ்சு வாயைப் பிளந்து காத்திருந்தது. அந்தக் கழுகின் பிழைப்பே அதுதான். செத்த மாட்டையும் தின்னும், பாம்பையும் தின்னும், அடுத்தது பிடித்ததையும் பறிக்கும்.

சபையில் வேட்டை அதிகாரி செங்கோடன் துள்ளினான். உடங்காட்டை அழித்துத் தனக்கொரு தோப்பு போட அவனுக்கு நெடுநாள் ஆசை. குறுக்கே நின்றவர் மந்திரி மாறநம்பி.

"ராஜாவின் வேட்டையைப் பறிப்பது ராஜத்துரோகம்! கூடு கட்ட மரம் இருப்பதால்தானே இந்தத் திமிர்? காட்டையே வெட்டச் சொல்லுங்கள், மகாராஜா!" என்றான் செங்கோடன்.

"வெட்டு!" என்றான் ராஜா.

"அடப் பாவிகளா, கோடையிலே உடைமரத்துக் காய்ஞ்ச நெற்றை விட்டா என் ஆட்டுக்கு ஏது தீனி?" என்று வாசலில் நின்று கத்தினாள், ஆடு மேய்க்கும் மூக்காயி. ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மந்திரிக்கு வயிறு எரிந்தது. பறவை மேல் கோபமென்றால் ஏழை வயிற்றில் அடிப்பதா? இது என்ன நியாயம்? ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "அருமையான தீர்ப்பு, மகாராஜா! தண்டோரா போட்டுச் சட்டமாக்குங்கள். அடுத்தவர் பிடித்த வேட்டையைப் பறிப்பவர் யாரானாலும், குடியிருப்பு தரைமட்டம்!" என்றார்.

"யாரானாலும்!" என்று வாளைத் தொட்டுச் சத்தியம் செய்தான் ராஜா.

மறுநாள் காலை கோடாரிக்காரர்கள் காட்டோரம் வந்து நின்றார்கள்; ராஜாவும் செங்கோடனும் வல்லூறோடு வந்திருந்தார்கள். "கழுகு கெடுத்த வேட்டையை முதலில் முடித்துவிடுங்கள், மகாராஜா" என்றார் மந்திரி. வல்லூறு பறந்துபோய்க் கௌதாரி ஒன்றைப் பிடித்தது. செங்கோடன் வழக்கம்போல் ஒரு துண்டு இறைச்சியைக் காட்டி அதை ஏமாற்றி, கௌதாரியை உருவிப் பையில் போட்டான்.

"பிடியுங்கள் திருடனை!" என்று போட்டார் ஒரு சத்தம் மந்திரி. "செங்கோடா, கௌதாரியைப் பிடித்தது யார்?"

"வல்லூறு."

"பறித்தது?"

"நான்... ஐயையோ, ராஜாவுக்காகத்தானே!"

"மகாராஜா, கோடாரிகள் தயார். இவன் மாளிகையிலிருந்து தொடங்கட்டுமா, அரண்மனையிலிருந்தா?"

ராஜாவுக்கு முகம் செத்துப்போயிற்று. மந்திரியோ நிறுத்தவில்லை. "கழுகு குஞ்சின் பசிக்குப் பறித்தது. வயிறு நிறைந்த நாம் விளையாட்டுக்குப் பறிக்கிறோம். கோடாரி மட்டும் மூக்காயியின் மரத்துக்கா? வெட்கமாக இல்லையா நமக்கு?"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டு, "சட்டம் ரத்து. காடு மூக்காயி ஆடுகளுக்கே. செங்கோடா, அந்தக் குஞ்சு பறக்கும்வரை மரத்தடியில் நீதான் காவல்!" என்றான்.

செங்கோடன் போய் உட்கார்ந்த முதல் நாளே, மேலேயிருந்து கழுகு அவன் பட்டுத் தலைப்பாகை நிறைய எச்சமிட்டது. நெற்றுப் பொறுக்கிக்கொண்டிருந்த மூக்காயி சிரித்த சிரிப்பு அரண்மனைவரை கேட்டதாம்.