பல்லக்குத் தண்டும் துரை சொன்ன சொல்லும்

முன்னொரு காலத்தில் புன்னையூர்ச் சீமையை உத்தண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவர் அவையில் ஒரு விசித்திர வழக்கம். ராஜா கேட்டதற்குத் "தெரியாது" என்று சொன்னவர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். உத்தியோகம் அன்றோடு சரி.

அதற்குப் பயந்துதான், "பல்லக்குத் தண்டில் விரிசல் கண்டிருக்கிறதே, செப்பனிடத் தெரியுமா?" என்று ராஜா கேட்டபோது, உளியைத் தொட்டே அறியாத அரண்மனைக் காரியக்காரர் மயிலேறும்பெருமாள், "பேஷாகத் தெரியும்" என்றார். விரிசலில் அரக்கை அப்பி, மேலே ஜரிகைப் பட்டைச் சுற்றிவிட்டார்.

திருவிழா அன்று ராஜா பல்லக்கில் ஏறப் போகும் நேரம். விருந்தாளியாக வந்திருந்த வெள்ளைக்காரத் துரை தண்டைத் தடவிப் பார்த்து, "பாட்ச் (botch)!" என்று இங்கிலீஷில் முணுமுணுத்துச் சிரித்தார். என்னவென்று கேட்டதும் முகம் சிவந்து வாயை மூடிக்கொண்டார்.

"அதற்கென்ன அர்த்தம்? அது எப்படிப் பிறந்த சொல்?" என்றார் ராஜா.

"கைத்திறனைப் புகழும் சொல், மகாராஜா," என்று முந்திக்கொண்டார் காரியக்காரர். மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "மந்திரியாரையும் கேளுங்களேன்!"

மந்திரி குழைக்காதர் யோசித்தார். துரை சிரித்தது புகழ்ச்சியா, ஏளனமா? புகழ்ந்தவர் முகம் ஏன் சிவக்க வேண்டும்? ஏளனமென்றால் இந்த மனிதர் இவ்வளவு துணிந்து சொல்வாரா? சொல்வார், அவரும் என்னைப்போல் பயந்தவர்தானே. ஒருவேளை நிஜமாகவே தெரிந்திருக்குமோ?

"என்ன குழைக்காதரே, நாக்கு ஒட்டிக்கொண்டதா?" என்றார் ராஜா.

"புகழ்ச்சி உரியவருக்கே போகட்டும், மகாராஜா. காரியக்காரர் முதலில் ஏறி ஒரு சுற்று வரட்டும். அர்த்தம் தானே தெரிந்துவிடும்."

"ஐயோ, எனக்குப் பித்த உடம்பு, ஆட்டம் ஆகாது!"

"நேற்று ஊஞ்சலில் ஆடினீரே? ஏறும்!" என்றார் ராஜா.

பல்லக்கு முற்றம் தாண்டவில்லை. மடார்! தண்டு முறிந்து, காரியக்காரர் உருண்டுபோய்த் தவில்காரரின் மடியில் விழுந்தார்.

"அர்த்தம் இதுதான் போலிருக்கிறது, மகாராஜா," என்றார் மந்திரி.

துரைக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "ஆமா, இதான். வேலையைக் கெடுக்கிறது. ஆனா ரொம்பக் காலம் முன்னே, பழுது பாக்கறதுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம்."

"செப்பனிடுவது எப்படி ஐயா கெடுப்பதாக மாறும்? மந்திரி, சொல்லும்."

ஏதாவது கதை கட்டலாம் என்று நினைத்தார் மந்திரி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகும் காரியக்காரரைப் பார்த்தார். பிறகு தலைப்பாகையைக் கழற்றினார்.

"அங்கே எப்படி மாறியதோ, தெரியாது மகாராஜா. இங்கே மாறியது எப்படி என்று தெரியும். தெரியாது என்று சொல்ல இவருக்கு வழியில்லை."

ராஜா முறிந்த தண்டைப் பார்த்தார். "விழுந்திருக்க வேண்டியவன் நான்," என்றார். தலைப்பாகையைத் தம் கையாலேயே மந்திரிக்குச் சூட்டி, அந்த வழக்கத்தை அன்றே ஒழித்தார். காரியக்காரரைத் தச்சுப் பட்டறைக்கு அனுப்பினார், மரம் இழைக்கக் கற்றுக்கொள்ள.

திருவிழாவுக்கு ராஜா நடந்தே போனார். வழியில் மெல்லக் கேட்டார்: "தண்டு முறியாமல் நின்றிருந்தால்?"

"காரியக்காரர் மந்திரியாகியிருப்பார், மகாராஜா. தாங்கள் திரும்பும் வழியில் விழுந்திருப்பீர்கள்."

ராஜா உடனே சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் சிரித்தார்.