சுத்தமான காற்று

“நாற்பது நாள் கண்ணு எரிய உட்கார்ந்தேன் மேடம்! ஒரே வார்த்தையில ‘வேண்டாம்’னு எழுதி அனுப்பிட்டீங்களே!”

தணிகாசலம் குரலை உயர்த்தினார்.

ரெஜினா அவரைவிட எட்டு வயது இளையவர். ஆனால், பழைய படச்சுருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பழுது நீக்கும் வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர். அதனால்தான் கோபம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

“பழைய 35 எம்.எம். படம். 4கே-ல பார்த்துட்டு, நேத்து எடுத்த மாதிரி இருக்குன்னு படத்தோட சொந்தக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். உங்களுக்கு மட்டும் என்ன குறை?”

“உட்காருங்கண்ணே.”

உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தார்.

ரெஜினா, தணிகாசலத்தின் கை படாத பழைய பிரதியை ஓட்டினார். கறுப்பு வெள்ளை. ஓடிக்கொண்டிருந்த ஒரு நூல் மில்லுக்குள்ளேயே எடுத்த காட்சி. கீறல்கள், கோடுகள், திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

“இந்தக் கண்றாவியைப் பாருங்க! பிலிம்ல ஒட்டின அழுக்கு. சாஃப்ட்வேர் போட்டு மொத்தத்தையும் வழிச்சு எடுத்தேன். அது தப்பா?”

“இந்த ஒரு புள்ளியை மட்டும் பாருங்க.”

ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினார். புள்ளி மிதந்தது. நின்றிருந்த தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் மறைந்தது. அந்தப் பக்கம் வெளியே வந்தது.

“பிலிம்ல ஒட்டின அழுக்கு, ஆளுக்குப் பின்னால எப்படிண்ணே போகும்?”

தணிகாசலம் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

“சரி, பஞ்சு. மில்லுல பறக்குற பஞ்சு. அதுவும் பார்க்க அசிங்கம்தானே? நாலு பஞ்சுக்காக என் உழைப்பைத் தூக்கிக் குப்பையில போடுவீங்களா? அநியாயம் மேடம் இது!”

“சத்தத்தோட பார்த்தீங்களா?”

“சத்தம் வேற ஆள் வேலை. அதை நான் எதுக்குப் பார்க்கணும்?”

ரெஜினா அவர் சுத்தம் செய்த பிரதியைப் போட்டார். அதே காட்சி. சத்தத்தைக் கூட்டினார்.

பளிச்சென்று மில். மெஷின் வரிசையில் பெண்கள் இருமிக்கொண்டே அறுந்த நூலை முடிந்தார்கள். ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இருமல் நிற்கவேயில்லை.

அவர்களுக்கு முன்னால் கோட்டுப் போட்ட மேனேஜர், சோதனைக்கு வந்த அதிகாரியிடம் கையை விரித்துக் காட்டினார்.

“என்னென்னமோ புகார் எழுதுறாங்க சார். இங்க காத்து எவ்வளவு சுத்தமா இருக்குன்னு நீங்களே பாருங்க.”

தணிகாசலம் பார்த்தார். கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது காற்று.

ரெஜினா படத்தை நிறுத்தினார்.

“மேனேஜர் சொல்றது நிஜம்தானேண்ணே?”