சவரிமுத்துவின் மெல்லிய வில்லை

"அது ஆறுற வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கணுமா மேடம்?" என்று கேட்டார் சவரிமுத்து.

"இருக்கணும்," என்றார் நசீமா.

கேட்டவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. நசீமா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அந்த ஆய்வகத்தில் வேலை கற்றுக்கொடுக்கும் குரு அவர்தான்.

கந்தகம் கலந்த பிளாஸ்டிக்கில் மூக்குக்கண்ணாடி வில்லை செய்வது அங்கே வேலை. கந்தகம் கூடக்கூட ஒளி நன்றாக வளையும். அப்புறம் வில்லை மெல்லிசாக இருந்தாலே போதும்.

சவரிமுத்துவின் மகள் ஜெசிந்தா போட்டிருப்பதோ சோடாபுட்டிக் கண்ணாடி. வெள்ளிக்கிழமை பள்ளி விழாவில் ஆடப்போகிறாள். அதற்குள் மெல்லிய வில்லை வந்தாக வேண்டும். மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை, சோறு இறங்கவில்லை.

அச்சில் ஊற்றிச் சூளையில் சூடேற்றிய பிளாஸ்டிக் வட்டை மெல்ல மெல்லத்தான் ஆறவிட வேண்டும் என்று நசீமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டால்தானே! காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி மறுநாள் ஓடி வந்து, ஆறுமுன்னே சூளையைத் திறந்து வட்டை வெளியே எடுத்துவிட்டார்.

பார்க்கப் பளிங்கு போல இருந்தது. மஞ்சள் இல்லை, குமிழி இல்லை. தேய்க்க அனுப்பிவிடலாமா என்று நசீமாவிடம் நீட்டினார்.

நசீமா அதை வாங்கிக்கொண்டார். இரண்டு கறுப்புத் தகடுகளை எடுத்தார். ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வைத்தால் வெளிச்சத்தையே விடாத தகடுகள். நடுவில் வட்டைச் செருகி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் நீலமும் சிவப்பும் பச்சையுமாக வரிவரியாய்த் தெரிந்தது.

"என்ன மேடம் இது?"

"அவசரம். உள்ளேயே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. தேய்க்கும்போது விரிசல் விடலாம். இல்லன்னா உங்க பொண்ணு போட்டிருக்கும்போது விடும்."

சவரிமுத்து உட்கார்ந்தார், எழுந்தார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் விழாவுக்கு வருகிறார்கள், அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடியோடு பிள்ளை மேடையேறினால் ஊர் சிரிக்காதா என்று புலம்பித் தீர்த்தார்.

நசீமா தகடுகளை இறக்கவில்லை.

"இது யாரோட அவசரம்? உங்க பொண்ணு உங்ககிட்ட என்ன கேட்டா?"

சவரிமுத்து அந்த வரிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாடா," என்றார் கடைசியில். "ஆடும்போது கண்ணாடி கழண்டு விழாம தலைக்குப் பின்னால கட்டிக்க ஒரு நாடா கேட்டா, மேடம். நான் இன்னும் வாங்கித் தரல."