வெள்ளைக்கரட்டின் சாம்பல்

உபதேசியார் இஞ்ஞாசிக்கு அறுபது வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்திரண்டு.

வெள்ளைக்கரட்டுக் கோயிலில் இஞ்ஞாசி முப்பத்தொரு வருடமாக உபதேசியார். மணி அடிப்பார். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பார். சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். ஏழு பங்குச் சாமியார்களைப் பார்த்துவிட்டார். அவர்களில் யாரிடமும் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. எட்டாவதாக வந்த ஃபாதர் கஸ்பாரிடம் மட்டும் தினமும் சாயங்காலம் வேதப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தார்.

"என்கிட்ட என்ன இருக்குன்னு வர்றீங்க?" என்று ஃபாதர் ஒருநாள் கேட்டார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்றீங்க சாமி. அதுக்காகத்தான்."

சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, போன வருடத்துக் குருத்தோலைகளைச் சனங்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்தார்கள். அவற்றை எரித்துத்தான் புதன்கிழமை நெற்றியில் பூசும் சாம்பலைச் செய்வார்கள். இஞ்ஞாசி பெரிய வாசலில் ஒரு கூடை வைத்தார். பக்க வாசலில் இன்னொரு கூடை வைத்தார்.

புதன்கிழமை தொடங்குகிற நாற்பது நாள் தவக்காலம் ஃபாதருக்கு அந்த ஊரில் அதுதான் முதல்முறை.

"ஏன் ரெண்டு கூடை?"

"இது மேலத்தெருவுக்கு சாமி. அது காலனிக்கு."

"எரிக்கிறது?"

"தனித்தனியாத்தான். பூசுறதும் ரெண்டு தட்டு, ரெண்டு வரிசை. மேலத்தெரு முடிஞ்சப்புறம் காலனி."

"யார் ஆரம்பிச்சது?"

"எனக்கு முந்தியே இருக்கு. நான் வேலைக்கு வந்த அன்னைக்கு ரெண்டு கூடையைக் காட்டினாங்க. வெச்சேன்."

இஞ்ஞாசி மேலத்தெருக்காரர். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் ஃபாதர் கோயிலுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, இரும்புச் சட்டியை ஏற்றினார். இரண்டு கூடைகளையும் அதில் கவிழ்த்தார். இஞ்ஞாசி வாயைத் திறப்பதற்குள் தீ பிடித்துவிட்டது. ஓலை சடசடவென்று எரிந்து அடங்கியது. சாம்பல் ஆறியதும் ஃபாதர் அதை இடித்துத் துணியில் சலித்தார். ஒரு சிட்டிகை எடுத்து இஞ்ஞாசியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல மேலத்தெரு எதுன்னு பொறுக்கிக் குடுங்க."

இஞ்ஞாசிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு குரு கிடைத்தாரே என்று டீக்கடையில் சொன்னார். ரேஷன் கடையில் சொன்னார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் சந்தியாகு நாலு பேரோடு வந்தார். பங்குப் பேரவைத் தலைவர். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமலே ஆட்களை எழுந்து நிற்க வைக்கத் தெரிந்தவர்.

"உபதேசியார் சொன்ன கதையைக் கேட்டேன் ஃபாதர். நல்லா இருந்துச்சு. பிரசங்கத்துல சொல்லுங்க, கேட்டுக்கிறோம். ஆனா நெத்தி எங்களது."

"சாம்பல்ல என்ன வித்தியாசம் கண்டீங்க?"

"சாம்பல்ல ஒண்ணுமே இல்ல. யாருக்குப் பின்னால யார் நிக்கிறதுங்கறதுதான் விஷயம். அது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இதுல சாம்பலை ஏன் இழுக்கிறீங்க?"

அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இஞ்ஞாசிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமே சாமி."

"அவர் சொன்னது சரி."

"எது சரி?"

"இத்தனை காலமா ஒரு சனம் பக்க வாசல்ல நிக்குது. நான் அதை வெச்சு உங்களுக்கு ஒரு விடுகதை போட்டேன். நீங்க அதை டீக்கடையில ரசிச்சுட்டு வந்தீங்க." ஃபாதரின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. "வெட்கமா இருக்கு. போயிட்டு வாங்க."

அந்தக் குரலில் கோபத்தை இஞ்ஞாசி அன்றுதான் முதல்முறை கேட்டார்.

புதன்கிழமை காலைப் பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. வலப்பக்கம் மேலத்தெரு. இடப்பக்கம், பக்க வாசலை ஒட்டிக் காலனி. பீடத்தில் ஒரே ஒரு தட்டு இருந்தது. பிரசங்கம் முடிந்து ஃபாதர் சாம்பலை மந்திரித்துவிட்டுத் திரும்பியபோது, சந்தியாகு எழுந்து முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளிச் சிமிழை எடுத்துத் திறந்தார். உள்ளே சாம்பல்.

"டவுன் கோயில்லேருந்து வாங்கிட்டு வந்தோம். எங்களுக்கு இதைப் பூசுங்க. அவங்களுக்கு அதைப் பூசுங்க. யாருக்கும் சண்டை வேண்டாம்."

ஃபாதர் சிமிழைப் பார்த்தார். சந்தியாகுவைப் பார்த்தார். ஃபாதரின் முகம் கறுத்தது. பீடத்தில் கிடந்த பித்தளை மூடியை எடுத்துச் சாம்பல் தட்டின் மேல் வைத்தார். அந்தச் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது.

"இன்னைக்கு இந்தக் கோயில்ல யாருக்கும் சாம்பல் கிடையாது."

சந்தியாகுவின் கையிலிருந்த சிமிழைக் காட்டினார்.

"நான் மண்ணுன்னு ஒத்துக்கிறவன் நெத்தியிலதான் இது ஏறணும். வெள்ளியில வெச்சுக் கொண்டு வர்றவனுக்கு இது எதுக்கு? பூசை முடிஞ்சுது. வீட்டுக்குப் போங்க!"

சாமி கைகழுவத் தண்ணீர்க் கிண்ணத்தோடு இஞ்ஞாசி பக்கத்தில் நின்றிருந்தார். இதுதான் நியாயம் என்று அவர் மனது சொன்னது.

அப்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வியாகுலம். செங்கல் சூளையில் கல் அறுக்கிறவள். அன்று வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். அவள் நடுப்பாதைக்கு வந்து நேரே பீடத்தைப் பார்த்து நடந்தாள்.

"யாருக்கும் கிடையாதா சாமி?"

"உட்காருங்கம்மா. உங்களுக்காகத்தான் நான்..."

"எங்களுக்காகன்னு சொல்லாதீங்க." அவள் நடையை நிறுத்தவில்லை. "அவங்க பண்ணுன தப்புக்கு எங்க நெத்தி ஏன் வெறுமனே போகணும்? எங்கம்மா செத்தப்ப இந்தப் பெரிய வாசலைச் சாத்துனாங்க. பெட்டியைப் பக்க வாசல் வழியாச் சாய்ச்சுச் சாய்ச்சுக் கொண்டாந்தோம். அன்னைக்கு அவங்க சாத்துனாங்க. இன்னைக்கு நீங்க சாத்துறீங்க. எங்களுக்கு இதுல என்ன வித்தியாசம் சாமி?"

"ஏய், பீடத்துக்கு முன்னால நின்னு..." என்று சந்தியாகு ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட நான் பேசல."

தலைமை ஆசிரியராக இருந்த நாளிலும் சந்தியாகுவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஃபாதர் கஸ்பார் மூடியை எடுத்தார். தட்டோடு படியிறங்கி வந்தார். அவள் முன்னால் தட்டை நீட்டியபடி முழங்காலில் நின்றார்.

"எனக்குப் பூசுங்க."

வியாகுலம் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு எட்டு பின்னால் போனாள். சுற்றிலும் பார்த்தாள். ஆனால் அவள் கோபம் இன்னும் இறங்கவில்லை. கட்டைவிரலைச் சாம்பலில் அழுத்தினாள். கல் அறுத்துக் காய்ப்பேறிய விரல். அவள் பூசிய வேகத்தில் ஃபாதரின் தலை பின்னால் சாய்ந்தது.

'நீ மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்று பூசும்போது சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. அவள் அதைச் சொல்லவில்லை.

"இனி மூடாதீங்க" என்றாள்.

"மூட மாட்டேன்."

ஃபாதர் எழுந்து அவள் நெற்றியில் பூசினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "வரிசை ஒண்ணுதான். இவங்க பின்னால வாங்க."

சந்தியாகு சிமிழை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். யாரையும் கூப்பிடவில்லை. பெரிய வாசலைப் பார்த்து நடந்தார். மேலத்தெரு அவர் பின்னால் எழுந்து போனது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும்.

இஞ்ஞாசியின் தம்பி சேசுராசன் பீடத்தருகே வந்து அவர் கையைப் பிடித்தான்.

"வாண்ணே."

"நீ போ."

"விளையாடுறியா? ஊரே போகுது."

"போகட்டும்."

சேசுராசன் கையை உதறினான். "இன்னைக்கு நீ இங்க நின்னா, இனி நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு வராதே. பொண்ணு கல்யாணத்துக்கும் வராதே. நீ செத்தாலும் நான் வர மாட்டேன்."

அவனும் போனான்.

இஞ்ஞாசி கிண்ணத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு காலனிக்காரர் நின்றார். சட்டையின் கழுத்துப்பட்டை கிழிந்து, கறுப்பு நூலால் தைத்திருந்தது. முப்பத்தொரு வருடத்தில் காலனிக்காரர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் இஞ்ஞாசி நின்றதில்லை. தன்னை அறியாமலே ஒரு எட்டு இடைவெளி விட்டிருந்தார். அது அவருக்கே அவமானமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நெருங்கி நின்றார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. வியாழக்கிழமை சந்தியாகுவும் பேரவைக்காரர்களும் வேன் பிடித்து மேலிடத்துக்குப் போய்வந்தார்கள். இஞ்ஞாசி வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள் வரவில்லை. தம்பி வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே இருந்த படலை முள்ளால் அடைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபாதருக்கு ஃபோன் வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் வேறு பங்கு.

அன்று மாலை அந்தத் தவக்காலத்தின் முதல் சிலுவைப்பாதை வழிபாடு. காலனி சனம் பெரிய வாசல் வழியாக வந்தது. மேலத்தெருவிலிருந்து ஒருத்தி மட்டும் வந்தாள். சேசுராசனின் மனைவி பிலோமி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசியில் நின்றாள். இஞ்ஞாசியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பதினாலு நிலைக்கும் முழங்காலிட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் போய்விட்டாள்.

எல்லோரும் கலைந்ததும் இஞ்ஞாசி ஃபாதரின் அறைக்குப் போனார். உட்காரவில்லை.

"மாத்திட்டாங்களாமே."

"ஆமா."

"நீங்க ஒண்ணும் சொல்லலயா?"

"சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. அப்புறம் தேதியைச் சொன்னாங்க."

இஞ்ஞாசி சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல சாமி. சந்தியாகு மேல கோபம். தம்பி மேல கோபம். உங்களை மாத்தினவங்க மேல கோபம். அன்னைக்குத் தட்டை மூடினீங்களே, அதுதான் நியாயம்னு நானும் நினைச்சேனே. அதனால உங்க மேலயும் கோபம்."

"அவ்வளவுதானா?"

"என் மேலதான் அதிகம்."

ஃபாதர் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"செபம் சொல்ல வாயைத் திறந்தா வசவுதான் வருது. தவக்காலத்துல ஒரு உபதேசியார் இப்படி இருக்கலாமா? அதான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். வருஷா வருஷம் கறியை விடுவேன், வெத்தலையை விடுவேன். இந்த வருஷம் கோபத்தை விட்டுடறேன். நாப்பது நாளும். ஆசீர்வாதம் பண்ணுங்க."

சொல்லிவிட்டு அவர் முழங்காலில் நின்று தலையைக் குனிந்தார்.

ஃபாதர் கையைத் தூக்கவில்லை.

"வெத்தலையை விடுங்க" என்றார். "கறியை விடுங்க. தம்பி வீட்டு வாசல்ல தினமும் போய் நில்லுங்க. திறந்தாலும் நில்லுங்க, திறக்காட்டியும் நில்லுங்க."

"கோபம் சாமி?"

"வியாகுலத்துக்கு அது பொறந்ததுலேருந்து இருக்கு. உங்களுக்கு வந்து மூணு நாள்தான் ஆகுது. நான் போறதுக்குள்ள அது ஆறிப்போச்சுன்னா, வந்து அதைப் பாவம்னு சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க."