சிரித்துக் கலைந்த சபை

மருதமரக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் வாழ்ந்து வந்தது. அதன் தலைவன் நெடுங்கொம்பன். ஓட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. பேச்சிலும் அப்படித்தான். அவன் வாயைத் திறந்தாலே கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவனுக்கு இளம்புல்லைவிட ருசியாக இருந்தது.

ஒரு கோடையில் காட்டுச் சுனைகள் எல்லாம் வற்றிவிட்டன. ஒரே ஒரு குளத்தில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. செந்நாய்கள் அதை மோப்பம் பிடித்து வந்து, கரையோரப் புதர்களில் பதுங்கிக்கொண்டன. தண்ணீர் குடிக்கப் போன மான்கள் சில திரும்பி வரவே இல்லை.

நெடுங்கொம்பன் கவலையோடு சபையைக் கூட்டினான். அந்த வழியாகப் போன மைனா ஒன்று கிளையில் வந்து உட்கார்ந்தது.

"யானைகள் எப்படி ஆலோசனை செய்கின்றன தெரியுமா?" என்றது மைனா. "ஒவ்வொருவரும் மனதில் தோன்றியதைச் சொல்வார்கள். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை சரி என்றோ தப்பு என்றோ ஒருவரும் பேசமாட்டார்கள். தலைவி கடைசியில்தான் வாய் திறப்பாள்!"

"நல்ல முறை! நாமும் அப்படியே செய்வோம்," என்றான் நெடுங்கொம்பன். "யாரும் தயங்க வேண்டாம். சொல்லுங்கள்!"

மருளி என்ற பெண்மான் தன் குட்டியோடு முன்னால் வந்தாள். "தலைவரே, மந்திக் குரங்குகளிடம் உதவி கேட்டால் என்ன? மரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் புதருக்குள் இருக்கும் நாய் தெரியும். அவை குரல் கொடுத்தால்..."

நெடுங்கொம்பனுக்கு நாக்கு நமநமத்தது. அடக்க முடியவில்லை.

"அப்படியே ஒரு வாலையும் கேட்டு வாங்கி வா! நாய் துரத்தினால் மரத்தில் தொங்கிக்கொள்ளலாம்!"

சபை அதிரச் சிரித்தது. மருளியின் குட்டியும் எதற்கென்று தெரியாமல் துள்ளித் துள்ளிச் சிரித்தது. மருளி தானும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றாள்.

"தலைவரே! இப்போதுதானே முறையைச் சொன்னேன்!" என்றது மைனா.

"ஒரு சின்ன வேடிக்கை! அதற்குக்கூடவா தடை? அடுத்து யார்?"

முறிகொம்பன் என்ற கிழமான் தொண்டையைச் செருமினான். "நான் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். அந்த நாய்கள் எப்போதும் விழிப்பாக இருப்பதில்லை. ஒரு நேரம் உண்டு..."

"எந்த நேரம், பெரியவரே? உம்மைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவை களைத்துப்போகும் நேரமா?"

மறுபடியும் சிரிப்பு. முறிகொம்பன் தலையைக் குனிந்துகொண்டான். மைனா பறந்து போய்விட்டது.

"அடுத்து?" என்றான் நெடுங்கொம்பன். ஒருவரும் அசையவில்லை.

"நீங்களே சொல்லிவிடுங்கள், தலைவரே! நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்!" என்று ஒரு குரல் எழுந்தது. "ஆமாம், ஆமாம்!" என்றன மற்றவை.

நெடுங்கொம்பன் மகிழ்ந்து போனான். "அப்படியானால் கேளுங்கள்! அந்தியில் எல்லோரும் குளத்துக்குப் போகும் வறண்ட ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கிப் போவோம். இரண்டு பக்கமும் கரை உயரம். நாய்களின் கண்ணில் படமாட்டோம்!"

உள்ளே மாட்டிக்கொண்டால் ஏறித் தப்ப முடியாதே என்று மருளிக்குத் தோன்றியது. முறிகொம்பனுக்கும் தோன்றியது. அங்கே நின்ற பலருக்கும் அதுவே தோன்றியது. ஆனால் "அருமை! அருமை!" என்றுதான் எல்லோர் வாயிலும் வந்தது.

அன்று அந்தியில் மான்கள் பள்ளத்துக்குள் இறங்கின. செந்நாய்கள் முன்னாலும் பின்னாலும் வந்து வழியை அடைத்தன. கரையேற முடிந்தவை ஏறின. முறிகொம்பனால் முடியவில்லை. மருளியின் குட்டி தாவித் தாவிப் பார்த்தது. காய்ந்த மண் சரிந்து சரிந்து விழுந்தது. மருளி மேலே நின்று அதைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் மிஞ்சிய மான்கள் கூடின. நெடுங்கொம்பன் அவற்றின் நடுவே வந்து நின்றான்.

"தவறு என்னுடையது. இனி சிரிக்கமாட்டேன். யாராவது ஒரு வழி சொல்லுங்கள்!"

எல்லாம் தரையைப் பார்த்தன.

"முறிகொம்பர் ஏதோ ஒரு நேரம் உண்டு என்றாரே! அது எந்த நேரம்? யாரிடமாவது சொன்னாரா?"

யாருக்கும் தெரியவில்லை.

"மருளி, நீ மந்திகளைப் பற்றிச் சொன்னாயே! அதை முழுவதும் சொல்லம்மா!"

"நானா? நான் ஒன்றும் சொல்லவில்லையே, தலைவரே."

"சொன்னாய்! நான்தான் கேலி செய்தேன்!"

"வேடிக்கைக்காகச் சொல்லியிருப்பேன்," என்றாள் மருளி. அவள் கண்கள் ஓடைப் பக்கமே இருந்தன.

நெடுங்கொம்பன் தானே மந்திகளைத் தேடி ஓடினான். மரங்கள் வெறுமையாக நின்றன. இலைகள் கருகிவிட்டதால், விடியும்போதுதான் மந்திகள் மலைமேல் ஏறிப் போயிருந்தன.

அவன் திரும்பி வந்தான். வெயில் ஏறிக்கொண்டே போனது. குட்டிகள் நாக்கு வறண்டு நிற்க முடியாமல் படுத்துவிட்டன. எவ்வளவு யோசித்தும் அவனுக்குப் பழைய வழியைத் தவிர வேறொன்றும் புலப்படவில்லை.

"ஓடை வழியாகவே போவோமா?" என்று கேட்டான். "வேண்டாம் என்று ஒருவராவது சொல்லுங்களேன்! உங்கள் காலில் விழுகிறேன்!"

"உங்கள் விருப்பம், தலைவரே," என்றது கூட்டம்.

நெடுங்கொம்பன் அழுதுகொண்டே முன்னால் நடந்தான். மான்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளத்துக்குள் இறங்கின. கடைசியாக மருளி இறங்கினாள். கரைமேல் செந்நாய்கள் எழுந்து நின்றன.

யோசனை சொன்னவரைப் பார்த்துச் சிரிக்கும் தலைவனுக்கு, ஆபத்து வரும் நாளில் யோசனை சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்.