கேள்வியை உள்ளே விடலாமா

நாமக்கல்லில் மோகனூர் ரோட்டில் நாச்சிமுத்துவின் ஜெராக்ஸ் கடை இருந்தது. அதன் பின்னறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில்தான் நிரல் உதவி மன்றம் நடந்துவந்தது. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்கள் எங்காவது மாட்டிக்கொண்டால் மன்றத்தில் கேள்வி போடுவார்கள், தெரிந்தவர் பதில் போடுவார். தெரிந்தவர் என்று இருந்தது ஒரே ஆள்தான். மன்றத்தை ஆரம்பித்த மகுடீஸ்வரன். அவருக்கு ஜப்பானில் ஆறு மாத வேலை வந்தது. முதன்முதலில் சேர்ந்தவர்கள் என்ற ஒரே தகுதிக்காக மூன்று பேரிடம் மன்றத்தை ஒப்படைத்துவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டார்.

நாச்சிமுத்து தலைவர், வையாபுரி துணைத்தலைவர், செங்கோடன் செயலாளர். மூவரில் நிரல் எழுதிய அனுபவம் செங்கோடனுக்கு மட்டும்தான். அவர் எழுதிய நிரல் திரையில் 'வணக்கம்' என்று காட்டும். ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து நின்று பதில் வணக்கம் சொல்வார்.

போகிற அன்று மகுடீஸ்வரன் ஒரு தாளைக் கொடுத்திருந்தார். "எந்தக் கேள்வியை வரவேற்கணும்னு இதுல எழுதியிருக்கேன். இதுப்படியே நடந்துக்குங்க," என்றார். நடந்துகொள்வதென்றால் செங்கோடனுக்கு உயிர். தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கம்ப்யூட்டருக்கு மேலே மாட்டினார்.

'ஏற்கெனவே கேட்டதை மறுபடி கேட்க விடாதீர்கள்' என்பது முதல் வரி. மறுநாள் காலை ராசிபுரத்திலிருந்து ஒருவர், 'ஏன் என் நிரல் ஓடவில்லை?' என்று கேட்டார். செங்கோடன் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்து ஒருவர், 'ஏன் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது?' என்று கேட்டார்.

"ஏன்-ங்கறதை காலையிலயே ஒருத்தர் கேட்டுட்டாரே," என்றார் வையாபுரி.

நோட்டைப் புரட்டினால் உண்மைதான். மதியத்துக்குள் 'எப்படி'யும் 'எங்கே'யும் தீர்ந்துபோயின. சாயங்காலம் நாச்சிமுத்து இன்னொன்றைக் கண்டுபிடித்தார். "கொக்கி மாதிரி வளைஞ்சு கீழே புள்ளி வெச்சிருக்குதே, அது எல்லாத்துலயும் வருது செங்கோடா."

கொக்கிக்கும் தடை போட்டார்கள். அதற்கப்புறம் வந்தவற்றில் கொக்கி இல்லை. கொக்கி இல்லாததால் அவை கேள்வியும் இல்லை என்று வையாபுரி எடுத்துச் சொன்னார். செங்கோடன் ஒவ்வொன்றுக்கும் 'தகவலுக்கு நன்றி' என்று போட்டுவந்தார்.

இந்த நிலைமையில்தான் வளையப்பட்டி துளசிமணியின் கேள்வி வந்தது. அவர் வீட்டுக்குப் பின்னால் சின்னதாகக் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறார். 'மெஷினில் நாலாயிரம் முட்டை இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை மோட்டார் முட்டைத் தட்டுகளைச் சாய்த்துவிடும். பதினெட்டாம் நாள் அது நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு சரியாக வெளியே வராது. நான் எழுதிய நிரல், கரண்ட் போய் வந்தால் நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறது. இன்றைக்குப் பதினெட்டாம் நாள். நிரலுக்கு இன்னும் மூன்றாம் நாள்தான். நிரலை நிறுத்தினால் சூடும் சேர்ந்து நின்றுவிடும். நாள் கணக்கை மறக்காமல் இருக்க நிரலில் என்ன மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.'

செங்கோடனுக்கு மனசு இளகிவிட்டது. எத்தனை தெளிவாக எழுதியிருக்கிறார் இந்த அம்மணி என்று இரண்டு தடவை படித்தார். பிறகு 'தகவலுக்கு நன்றி' என்று போட்டார்.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"அண்ணா, அது தகவல் இல்லீங்க. உதவி கேட்டிருக்கேன்."

"எங்கிருந்து கேக்கறீங்க அம்மணி?"

"வீட்ல இருந்துதானுங்க."

செங்கோடன் போனைக் கையால் பொத்திக்கொண்டு சட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது வரி, 'வீட்டுப்பாடத்தை நாம் செய்து கொடுக்கக் கூடாது.'

"வீட்ல இருந்து கேக்கறாங்களாம்," என்றார்.

"அப்ப வீட்டுப்பாடம்," என்றார் வையாபுரி.

"பாடம்னு அவங்க சொல்லலையே," என்றார் நாச்சிமுத்து.

"வீடு இருக்குதில்லண்ணா. பாதி இருந்தாலும் தப்பு தப்புதான்."

வீட்டிலிருந்து கேட்டால் செல்லாது என்றதும் துளசிமணி போனோடு தெருவுக்கு வந்து, லாரிச் சத்தத்துக்கு நடுவே அதையே மறுபடி கத்திக் கேட்டார். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் நாலாயிரம் முட்டை உள்ளே சாய்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வரி, 'கேள்வியைச் சிறிதாக்கிக் கேட்கச் சொல்லுங்கள்.' செங்கோடன் திரையில் ஸ்கேலை வைத்து அளந்தார். பதினாலு சென்டிமீட்டர். சின்னதாக்கச் சொன்னார். துளசிமணி ஒரே வரியாக்கி அனுப்பினார். உயரம் குறைந்தது, அகலம் குறையவில்லை. இன்னும் சின்னதாக்கச் சொன்னார். அவர் வெறுத்துப்போய் எறும்பு மாதிரி எழுத்தில் அனுப்பினார். அதை யாராலும் படிக்க முடியவில்லை. நாச்சிமுத்து தொழில்காரர் அல்லவா, தாளில் எடுத்து ஜெராக்ஸ் மெஷினில் வைத்து நாலு மடங்கு பெரிசாக்கிக் கொடுத்தார்.

செங்கோடன் ஸ்கேலை வைத்தார். "மறுபடி பெரிசாயிருச்சுங்கண்ணா."

திருப்பி அனுப்பினார்கள். இப்படி மூன்று தடவை நடந்தது. கடைசியில் நாச்சிமுத்து, ஜெராக்ஸ் மெஷினில் வைக்காதவரை கேள்வி சின்னதுதான் என்று தீர்ப்புச் சொல்லி அடுத்த வரிக்குப் போனார். 'கேட்பவர் முதலில் தாமே முயன்று பார்த்திருக்க வேண்டும்.'

"கேட்பவர் யாரு?" என்றார்.

"அம்மணிதான். அவங்கதானே கேட்டாங்க."

"சரி. அவங்க கேட்டதை யாரு கேட்டது?"

செங்கோடன் யோசித்தார். "நான் கேட்டேன். போன்ல, இந்தக் காதுல."

"நாங்களும் பக்கத்துல நின்னு கேட்டோம். அப்ப மூணு பேரும் முயன்று பாக்கணுமில்ல."

இதில் செங்கோடனால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். தரையில் பழைய பேப்பரை விரித்து மூவரும் முட்டைகளைப் போல வரிசையாகப் படுத்தார்கள். மணிக்கு ஒரு தடவை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் புரண்டார்கள். எண்ணுகிற பொறுப்பு வையாபுரிக்கு. மூன்று தடவை புரண்டபின் கரண்ட் போய், மின்விசிறி நின்றது. வந்ததும் மறுபடி புரண்டார்கள்.

"ஒண்ணு," என்றார் வையாபுரி.

"நாலு இல்லையா?" என்றார் செங்கோடன்.

"கரண்ட் போச்சில்ல. மறந்துட்டேன்."

மூவரும் எழுந்து உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மணி சொன்னது சத்தியம். அதே பிழை இங்கேயும் வந்திருக்கிறது. செங்கோடனுக்குக் கண் கலங்கியது. அவர் செயலாளரான பிறகு எல்லா வரிகளையும் தாண்டி வந்த முதல் கேள்வி இதுதான். உடனே போன் போட்டார்.

"அம்மணி, உங்க கேள்வியை மன்றம் வரவேற்குதுங்க."

"வேண்டாங்கண்ணா," என்றார் துளசிமணி. "இனியும் உங்களை நம்பிட்டு இருக்க முடியாதுன்னு மெஷின் பின்னாடி போயி, மோட்டாருக்குப் போற ஒயரை உருவி விட்டுட்டேன். சூடு இருக்குது, தட்டு நின்னுருச்சு. எனக்கு அது போதும்."

மூன்று நாள் கழித்து, 'ஒயரை உருவி விட்டேன், மூவாயிரத்து அறுநூறு குஞ்சு பொரித்தது' என்று மன்றத்திலும் போட்டுவிட்டார்.

இது பெரிய சிக்கலாகிவிட்டது. மன்றத்துக்கு ஒரு பதில் வந்திருக்கிறது, உள்ளே கேள்வியே இல்லை.

"பதில் வந்தா என்ன பண்றதுன்னு தாள்ல இல்லையே," என்றார் செங்கோடன்.

"திருப்பி அனுப்பக் கூடாது," என்றார் நாச்சிமுத்து. "நம்மகிட்ட இருக்கற ஒரே பதில் இது. இனிமே இதுக்குப் பொருத்தமான கேள்வியா பாத்து வரவேற்கலாம்."

அப்படியே அறிவிப்பு போட்டார்கள். முதலில் ஒரு பாலிடெக்னிக் வாத்தியார், நிரல் நிற்காமல் ஓடுகிறது என்று எழுதினார். ஒயரை உருவச் சொன்னார்கள். உருவினார், நின்றது. பிறகு ஒரு அச்சகத்துக்காரர், நிரல் ஒரே கல்யாணப் பத்திரிகையை அடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்றார். ஒயரை உருவினார், அதுவும் நின்றது. செங்கோடன் மார்பை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தார்.

மூன்றாவதாகப் பரமத்தியிலிருந்து ஒருவர், 'என் நிரல் ஓடவே இல்லை. எதை அழுத்தினாலும் அசையாமல் நிற்கிறது' என்று எழுதினார்.

"நின்னுட்டு இருக்கறதை எப்படிடா நிறுத்தறது?" என்றார் நாச்சிமுத்து.

மூவரும் அதை மாறி மாறிப் படித்தார்கள். கடைசியில் செங்கோடன் மெதுவாகச் சொன்னார். "அண்ணா, இவரு பதிலை முன்னாடியே வாங்கிட்டாரு. கேள்வியை இப்பத்தான் அனுப்பறாரு."

வேறு விளக்கம் யாருக்கும் தோன்றவில்லை. 'தங்களுக்கு உரிய பதில் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. வாழ்த்துகள்' என்று போட்டார்கள்.

'இன்னும் ஓடவில்லை' என்று பரமத்திக்காரர் திரும்ப எழுதினார்.

"பாத்தியா, பதில் நல்லா வேலை செய்யுது," என்றார் வையாபுரி.

கடை அடைக்கிற நேரம் வரை செங்கோடன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பரமத்தியிலிருந்து ஒரு நன்றி வரவில்லை. ஷட்டரை இறக்கும்போது, "பதில் மட்டும் வேணும். ஒரு நன்றி சொல்ல மனசு வரமாட்டேங்குது," என்றார்.

நாச்சிமுத்து அவர் தோளில் கை வைத்தார். "விடு செங்கோடா. பதிலை முன்னாடியே வாங்கினவரு நன்றியையும் முன்னாடியே சொல்லியிருப்பாரு. நாமதான் கவனிக்காம விட்டிருப்போம்."

இறக்கின ஷட்டரைத் தூக்கிவிட்டு, போன வருஷம் மன்றத்துக்கு வந்ததை எல்லாம் திரையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, மூவரும் அந்த நன்றியைத் தேட உட்கார்ந்தார்கள்.