தடை கேட்ட சீட்டுகள்

ஈரோட்டில் பரிமளா என்று ஒருத்தி இருந்தாள். அவள் அலமாரியில் ஒரு செருப்புப் பெட்டி. பெட்டிக்குள் அவள் பள்ளிக்கூட நாளில், வருஷா வருஷம் புதிதாக வரவரச் சேர்த்த போர்ச்சீட்டுகள்: முதலை, தேர், மந்திரவாதி, யானை, இன்னும் என்னென்னவோ. ஒன்றை ஒன்று அடித்து ஆடுகிற ஆட்டம் அது. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது குடை. "பக்கத்துச் சீட்டுக்கு விழும் அடியை இது வாங்கிக்கொள்ளும்", அவ்வளவுதான் அதன் மேல் அச்சடித்திருந்தது. வந்த நாளிலிருந்து அது ஒருமுறைகூட மேசையைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தது.

ஒருநாள் பரிமளா மூடியைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமை பழைய சீட்டுக்குன்னே போட்டி வெக்கிறாங்க. எந்தச் சீட்டு ஆடலாம், எது கூடாதுன்னு அந்தந்தப் பெட்டியே விதி போட்டுக்கலாமாம். கூடிப் பேசிச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, நாங்க சின்ன வீட்டுக்குக் குடி போறோம். ஆடற சீட்டுதான் கூட வரும். மத்ததெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு."

சபை கூடியது. முதலில் எழுந்தது பொன்முதலை. அதன் மினுக்கு பாதி உதிர்ந்துவிட்டது. மிடுக்கு மட்டும் ஒரு பொட்டுகூட உதிரவில்லை.

"எந்த வருஷத்துச் சீட்டும் ஆடலாம்னு வெச்சிருவோம்," என்றது.

"ஆமாமா, அப்பத்தானே முதல் அடியிலயே நீங்க எங்களை முழுங்கலாம்!" என்றது தேர். "முதல் வருஷத்துச் சீட்டு மட்டும்தான் ஆடணும்."

தேர் எந்த வருஷத்தது என்று கேட்கிறீர்களா? முதல் வருஷத்ததுதான். மந்திரவாதி கடைசி வருஷத்தது. ஆகவே நியாயம் கடைசி வருஷத்தில்தான் பிறந்தது என்று அது அடித்துச் சொன்னது. ஒரே கூச்சல்.

யானை தொண்டையைச் செருமியது. "சண்டை எதுக்கு? முதலைதான் ரொம்பப் பலசாலி. அதைத் தடை பண்ணிட்டா எல்லாம் சரியாயிரும்."

"என்னையா?" முதலைக்கு ரத்தம் கொதித்தது.

"கோவிச்சுக்காதீங்க. தடைன்னா சும்மாவா? உங்களைப் பாத்து ஊரே நடுங்குதுன்னு அர்த்தம்."

முதலை யோசித்தது. அதன் மார்பு ஒரு சுற்று பெருத்தது. "அப்படியா? சரி, உங்க ஆசையைக் கெடுப்பானேன்."

வந்ததே வினை! "அப்ப நான் மட்டும் இளைச்சவனா? என்னையும் தடை பண்ணுங்க!" என்று தேர் குதித்தது. மந்திரவாதி தன்னை இரண்டு தடவை தடை செய்தாக வேண்டும் என்றது. யோசனை சொன்னவர் என்ற முறையில் யானை தனக்குத் தானே தடை போட்டுக்கொண்டது. ஆடுவதற்கு விதி தேடி உட்கார்ந்த சபை, ஆடாமல் இருப்பதற்குக் கியூவில் நின்றது.

குடைக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. "ஐயா, என்னையும்..."

பெட்டியே குலுங்கச் சிரித்தது. "உன்னைப் பாத்து யாருடா பயப்படுவான்? மழைகூடப் பயப்படாது!"

"இல்லீங்கய்யா, ஆடாத சீட்டு பேப்பர்காரருக்குன்னு அந்தம்மா சொன்னாங்களே..."

"அது உதவாத சீட்டுக்குச் சொன்னது. நாங்க ஆட முடியாதவங்க இல்லடா, ஆடக் கூடாதவங்க. வித்தியாசம் புரியுதா?" என்றது முதலை.

குடைக்குப் புரியவில்லை. அவமானம் மட்டும் நன்றாகப் புரிந்தது. அடியில் போய்ச் சுருண்டு படுத்து அழுதது. தடைக்குத் தகுதியில்லாத பானையும் உலக்கையும் கழுதையும் கூட இருந்து அழுதன.

ஞாயிற்றுக்கிழமை பரிமளா வந்து கேட்டாள். "என்ன முடிவு பண்ணீங்க? யாரெல்லாம் ஆடலாம்?"

"நாங்க யாரும் இல்லம்மா," என்றது முதலை, பெருமை தாங்காமல். "அதோ, அதுங்க."

பரிமளா முதலையை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க இஷ்டம்," என்று குடை, பானை, கழுதை வகையறாவை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

போட்டியில் எதிரே உட்கார்ந்தவர் சாதிக் என்கிற பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர். குடை பானைக்காக அடி வாங்கியது. கழுதைக்காக அடி வாங்கியது. அதன் முனை மடங்கியது, மேலே டீ சிந்தியது. அப்படியும் பரிமளா தோற்றுத்தான் போனாள்.

"அந்தக் குடை மட்டும் இல்லேன்னா எப்பவோ முடிச்சிருப்பேனுங்க," என்று சாதிக் வியர்வையைத் துடைத்தார். "அடுத்த தடவை அதைக் கூட்டிட்டு வந்துராதீங்க, புண்ணியமாப் போகும்!"

தன்னைப் பார்த்தும் ஒருத்தர் பயந்துவிட்டாரே! குடைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வீடு திரும்பினால், வாசலில் பேப்பர்காரர். செருப்புப் பெட்டி அவர் தராசில் கவிழ்ந்து கிடந்தது.

"டேய் குடை!" என்று அலறியது முதலை. "நான் யாருன்னு அந்த ஆளுக்குச் சொல்லுடா!"

"ஐயா, அவங்கெல்லாம் தடை வாங்கின பெரியவங்க!" என்று குடை பைக்குள்ளிருந்து கத்தியது.

"அப்படீங்களா," என்று பேப்பர்காரர் முதலையின் தலைமேல் நாளிதழ்க் கட்டு ஒன்றை வைத்தார்.

அந்த அடியையும் தானே வாங்கிக்கொள்ளக் குடை துடித்தது. பக்கத்தில் இருந்தால்தானே வாங்க முடியும்?

தராசு யாரையும் தடை செய்யவில்லை.